இழுபட்டால் மட்டும் போதாது

சாண்ட் பிளாஸ்டிங் (கண்ணாடியில் தெளிவாக இருக்க வேண்டிய இடத்தை ஸ்டிக்கரால் மூடி, மீதியில் துகளைக் காற்றில் அடித்து வெள்ளையாக்கும் வேலை) புதிதாக ஆரம்பிப்பவர்கள் போனில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, பாட்டில்ல டிசைன் போடணும். வளைவுக்கு எந்த ஸ்டிக்கர் நல்லா இழுபடும்?"

கொரட்டூரில் ஒரு தகரக் கூரை ஷெட். அதில் ஒரு பிளாஸ்டிங் கேபினெட், 3 ஹெச்பி கம்ப்ரஸர், ஸ்டிக்கர் வெட்ட ஒரு கட்டிங் பிளாட்டர் மெஷின், உதவிக்கு ஒரு தம்பி. இவ்வளவுதான் என் பட்டறை. வாசல் கதவுக் கண்ணாடி, பாத்ரூம் தடுப்பு மாதிரியான தட்டை வேலைகளை எடுப்பதைக் குறைத்துக்கொண்டு ரொம்ப நாளாகிறது. அதைச் செய்ய ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் வருவதெல்லாம் பாட்டில், பூக்குடுவை, விளக்கு குளோப், லாந்தர் சிம்னி என்று வளைந்த சாமான்கள். எனவே இந்தக் கேள்விக்கு ஒரு தடவை விலாவாரியாக எழுதிவிட்டால், போனில் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இழுபடுமா என்பது பாதிக் கேள்வி. இழுத்து ஒட்டிய பிறகு அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்குமா என்பது மீதிப் பாதி. வளைவில் வேலையைக் கெடுப்பது இந்த மீதிப் பாதிதான். கடையில் ஸ்டிக்கரை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி, "எப்படி வருது பாருங்க" என்பார்கள். இழுத்து ஒட்டியதை ஒரு ராத்திரி விட்டு, காலையில் அதன் ஓரம் எங்கே நிற்கிறது என்று யாரும் காட்டுவதில்லை.

மணலைக் காற்றில் அடித்துக் கண்ணாடியைச் செதுக்கும் முறைக்கு அமெரிக்காவில் பெஞ்சமின் சூ டில்மன் என்பவர் 1870-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் தத்துவம் அதேதான். கண்ணாடி கெட்டியானது, ஆனால் விட்டுக்கொடுக்கத் தெரியாதது. துகள் வந்து மோதினால் அந்த இடம் நுணுக்கமாகச் சில்லு பெயர்ந்துவிடும். அப்படிக் கோடிக்கணக்கான சில்லுகள் பெயர்ந்த இடம்தான் நம் கண்ணுக்குப் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது. ரப்பர் அப்படியில்லை. துகள் மோதினால் குழிந்து, அதை வந்த வழியே எறிந்துவிட்டுத் திரும்பப் பழைய இடத்துக்கு வந்துவிடும். கையால் கிழித்துவிடக்கூடிய ஒரு ரப்பர் தாள், கண்ணாடியே தேயும் இடத்தில் தேயாமல் நிற்பது இதனால்தான்.

இங்கேதான் வம்பு. துகளை எறியும் அந்தத் துள்ளல்தான், உருண்டையின்மேல் இழுத்து ஒட்டிய ரப்பரைத் திரும்பவும் தட்டையாக்கப் பார்ப்பதும். மணலைத் தாங்க எந்தக் குணம் வேண்டுமோ, வளைவில் ஒட்டி நிற்க அந்தக் குணம் இருக்கக்கூடாது. வளைவுக்கு என்று நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் நிற்கிறது. எது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் பொருளைப் பார்க்கும் முன் கண்ணாடியைப் பாருங்கள். என்ன வளைவு அது?

நேரான பாட்டில் என்றால் பயமே வேண்டாம். உருளையின்மேல் தட்டைத் தாளை இழுக்காமல், மடிக்காமல் சுற்றிவிடலாம். சாதாரண ஸ்டிக்கரே போதும். கவனிக்க வேண்டியது கனம் மட்டும். பாட்டிலைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, அதே அளவில் 1 மி.மீ. ரப்பர் ஷீட்டை வெட்டினால் சேரும் இடத்தில் சுமார் 3 மி.மீ. இடைவெளி விழும். ஷீட்டின் கனத்தை விட்டத்தோடு கூட்டி அதற்குச் சுற்றளவு கணக்கிட வேண்டும். 0.1 மி.மீ. வினைலில் இது 0.3 மி.மீ.தான், கண்ணுக்கே தெரியாது. பாட்டிலைச் சுற்றி ஓடும் மாங்காய் பார்டர், கொடி பார்டர் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படும்.

மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் டம்ளர் அடுத்த ரகம். இதுவும் சுற்றக்கூடியதுதான். ஆனால் நேர்ப்பட்டையாக வெட்டினால் சுற்றும்போது கோணிக்கொண்டு மேலே ஏறும். வில் மாதிரி வெட்ட வேண்டும். வாயின் விட்டம் 80 மி.மீ., அடியின் விட்டம் 60 மி.மீ., சாய்வு உயரம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 120-ஐ 80-ஆல் பெருக்கி, வாய்க்கும் அடிக்கும் உள்ள வித்தியாசமான 20-ஆல் வகுத்தால் 480. வெளி வில்லின் ஆரம் 480 மி.மீ., உள் வில்லின் ஆரம் 360 மி.மீ., கோணம் சரியாக 30 டிகிரி. இதைக் கம்ப்யூட்டரில் கோரல் டிரா சாஃப்ட்வேரில் வரைந்து டிசைனை அதற்குள் வளைத்துவிட்டால் ஸ்டிக்கர் தானாகப் போய் உட்காரும். கணக்கு பிடிக்காதவர்கள் டம்ளரில் நியூஸ்பேப்பரைச் சுற்றி, விளிம்பு ஓரமாகப் பென்சிலால் கோடு போட்டு வெட்டி எடுக்கலாம். என் தம்பி இன்னும் அப்படித்தான் எடுக்கிறான். அவன் எடுப்பதும் சரியாகவே இருக்கிறது.

உண்மையான தலைவலி உருண்டை. இங்கே எந்தத் தட்டைத் தாளும் இழுபடாமலோ மடியாமலோ உட்காராது. கவுஸ் என்ற ஜெர்மன் கணித மேதை இதை 1827-லேயே நிரூபித்துவிட்டார் என்று என் மகள் படிக்கும்போது சொன்னாள். "நீ வேற, எங்க ஊர் ஸ்டிக்கர் கடைக்காரருக்கு இன்னும் அந்தச் சேதி வரல" என்றேன்.

20 செ.மீ. விட்டமுள்ள ஒரு விளக்கு குளோப்பை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 10 செ.மீ. விட்டத்தில் வட்டமாக வெட்டிய ஒரு ஸ்டிக்கர். மேசைமேல் இருக்கும்போது அதன் சுற்றளவு சுமார் 31.4 செ.மீ. குளோப்பின்மேல் அதே 5 செ.மீ.யை நடுவிலிருந்து அளந்து போனால், அந்த இடத்தில் இருக்கும் சுற்றளவு 30.1 செ.மீ.தான். ஓரத்தில் 1.3 செ.மீ. ஸ்டிக்கர் உபரி. அது எங்காவது போயாக வேண்டும். விட்டால் மடிப்பாக எழும்பும். அந்த மடிப்பு ஒவ்வொன்றும் துகள் உள்ளே போவதற்கு ஒரு வாசல்.

இப்போது அதே ஸ்டிக்கரை 5 செ.மீ. விட்டத்துக்குக் குறைத்துப் பாருங்கள். உபரி வெறும் 1.6 மி.மீ. அளவு பாதியானால் உபரி பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிறது. உருண்டையில் வேலை செய்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். விலை உயர்ந்த இழுபடும் ஃபிலிமைத் தேடி அலைவதற்கு முன், டிசைனைத் துண்டு துண்டாகப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். ஒரே மயிலாக ஒட்டாமல் தலை தனி, கழுத்து தனி, தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனி என்று பிரித்துவிட்டால் சாதாரண வினைலே பாதி வேலையை முடித்துவிடும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தை, துகள் படாத வெற்று இடத்தில் அமைக்க வேண்டும். அந்த யோசனைதான் நேரம் பிடிக்கும்.

சரி, பொருளுக்கு வருவோம்.

சைன் போர்டுக்குப் பயன்படும் சாதாரண வினைல், உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தேய்த்துத் தயாராவது. காலண்டர்டு வினைல் என்பார்கள். அந்தத் தேய்ப்பில் ஏற்பட்ட இறுக்கம் அதற்குள்ளேயே இருக்கும். கொஞ்சம் சூடு கிடைத்தால் சுருங்கித் தன் பழைய நிலைக்குப் போகப் பார்க்கும். பாட்டிலுக்கு, டம்ளருக்கு, சின்னத் துண்டுகளுக்கு இது போதும். விலையும் குறைவு. உருண்டையில் இழுத்து ஒட்ட மட்டும் இது ஆகாது.

காஸ்ட் வினைல் என்பது திரவமாக ஊற்றி, உலர வைத்து எடுப்பது. கார் முழுக்க ஒட்டுகிறார்களே, அந்த ரேப் ஃபிலிம் பெரும்பாலும் இதுதான். நசுக்காமல் பிறந்ததால் உள்ளே பழைய இறுக்கம் இல்லை. சூடு காட்டி இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும். ஒட்டி முடித்த பிறகு 90 டிகிரிக்கு மேல் ஒரு தடவை சூடு காட்டிவிட்டால் திரும்பும் எண்ணத்தையும் விட்டுவிடும். கார் ரேப் செய்யும் கடைகளில் வெட்டி மிச்சமான துண்டுகளைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நான் அப்படித்தான் வாங்குகிறேன். சூடு காட்டும்போது ஹாட் ஏர் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். சின்ன வேலைக்கு ஹேர் டிரையரே போதும்.

இதில் இரண்டு குறை. ஒன்று, இது மெல்லியது, சுமார் 50 மைக்ரான்தான். மேலோட்டமாக வெள்ளையாக்கத் தாங்கும், ஆழமாகச் செதுக்கத் தாங்காது. இரண்டாவது, ரேப் ஃபிலிமில் காற்று வெளியேறுவதற்காகப் பசைப் பக்கத்தில் நுணுக்கமான வாய்க்கால்கள் வைத்திருப்பார்கள். காரில் அது வசதி. நமக்கோ, துகளின் மாவு அந்த வாய்க்கால் வழியாக ஓரத்தில் புகுந்து, கோடு பிசிறு தட்டும். வாய்க்கால் இல்லாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஓரங்களை விரல் நகத்தால் அழுத்தி அழுத்தி மூட வேண்டும்.

கல்லறைக் கல், திறப்பு விழாக் கல்வெட்டு வெட்டுபவர்கள் பயன்படுத்தும் கனமான ரப்பர் ஷீட்டைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். மணலைத் தாங்குவதில் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் அது தட்டைக் கல்லுக்குப் பிறந்தது. குளோப்பில் ஒட்டினால் ஓரம் எழும்பாமல் இருக்காது. பெரிய, நேரான ஜாடியில் ஆழமாகச் செதுக்கும்போது மட்டும் அதை எடுக்கிறேன். வேறு வளைவு எதற்கும் எடுப்பதில்லை.

நான் அதிகம் நம்புவது ரப்பர் பால். லேடெக்ஸ் என்று கேளுங்கள். மரத்துப் பாலைச் சுழற்றித் திரட்டி, 60 சதவீதம் ரப்பர் இருக்கும்படி செய்து, கெடாமல் இருக்க அமோனியா சேர்த்து விற்கிறார்கள். மூடியைத் திறந்தால் மூக்கு எரியும். அதைத் தூரிகையால் குளோப்பின்மேல் பூசுகிறோம். வெள்ளையாக இருக்கும் பால் காயக் காயக் கண்ணாடி மாதிரி ஆகும். வெள்ளை முழுக்கப் போன பிறகு அடுத்த பூச்சு. இப்படி மெல்லிய பூச்சுகளாக ஏற்றி ஒரு தோல் மாதிரி ஆன பிறகு, 11-ம் நம்பர் சர்ஜிகல் பிளேடால் டிசைனை வெட்டி, வேண்டாத இடத்தை உரித்து எடுக்க வேண்டும்.

இதன் அழகு என்னவென்றால், இந்த ரப்பருக்குத் திரும்பிப் போக ஒரு தட்டை வடிவமே கிடையாது. அது உருண்டையின்மேலேயே பிறந்தது. துள்ளல் முழுக்க இருக்கிறது, துகளை எறிகிறது, ஆனால் எழும்பி ஓடுவதற்கு அதற்கு வேறு ஊர் இல்லை. குடுவையின் கழுத்து உள்வாங்கும் இடம், கைப்பிடி ஒட்டியிருக்கும் மூலை, எந்த ஷீட்டும் போகாத இடமெல்லாம் இது போகும்.

ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. கண்ணாடியோடு அதற்கு ஒட்டுதல் குறைவு. பரந்த தோலாக இருக்கும்போது தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும். 'ம', 'வ' மாதிரி எழுத்துகளின் உள்ளே தனித்து நிற்கும் குட்டித் துண்டுகளைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட இடங்களுக்கு வினைலைச் சின்னதாக வெட்டி ஒட்டிவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் வெட்டவெளிக்கு லேடெக்ஸ் பூசுவேன். இரண்டையும் கலப்பதில் ஒரு அவமானமும் இல்லை.

லேடெக்ஸ் வாங்கும்போது முன்கூட்டியே வல்கனைஸ் செய்தது (ரப்பரைப் பக்குவப்படுத்தி உறுதியாக்கியது) என்று கேட்டு வாங்குங்கள். மற்றது நம் ஊர் வெயிலில் பிசுபிசுத்துவிடும். தூரிகையை முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால்தான் அடுத்த தடவைக்கு மிஞ்சும். செம்புப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், செம்பு ரப்பரைக் கெடுக்கும். வினிகர் மாதிரி புளிப்பு எதுவும் பட்டால் எலுமிச்சை பிழிந்த பால் போலத் திரிந்து கட்டியாகிவிடும். அமோனியா வாசனைக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரப்பர் அலர்ஜி உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

லேடெக்ஸ் கிடைக்காதவர்கள் வெள்ளைப் பசையைத் தடிமனாகப் பூசிப் பார்க்கலாம். மரவேலைக்குப் பயன்படுகிற ஃபெவிகால்தான். காய்ந்தால் ஓரளவு வளையும் தோலாகிறது. மேலோட்டமாக வெள்ளையாக்குவதற்குத் தாங்கும். வெந்நீரில் ஊறப்போட்டால் வந்துவிடும். கல்வெட்டுக்காரர்கள் முற்காலத்தில் தச்சர்களின் வச்சிரத்தோடு (மாட்டுத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) கிளிசரின் கலந்து காய்ச்சிக் கல்லில் ஊற்றினார்கள். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வச்சிரம் கெட்டித்து உடையாமல் ரப்பர் மாதிரி நிற்கும். பசையும் ரப்பரும் சேர்ந்து என்னென்ன செய்யும் என்று நமக்கு முன்னாலேயே பார்த்துவைத்திருக்கிறார்கள்.

நுணுக்கமான படம், அதாவது முகம், பொடி எழுத்து, கல்யாணப் பத்திரிகை டிசைன் என்றால், வெளிச்சம் பட்டால் கெட்டியாகும் போட்டோரெசிஸ்ட் ஃபிலிம்தான் வழி. ஒளி ஊடுருவும் தாளில் கருப்பில் பிரின்ட் எடுத்த படத்தை அதன்மேல் வைத்து அல்ட்ராவயலட் வெளிச்சம் காட்டி, தண்ணீரில் கழுவினால் வெளிச்சம் படாத இடம் கரைந்துபோகும். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்களுக்குப் பழக்கமான வேலைதான். பிளேடால் வெட்டவே முடியாத கோடுகள் இதில் வரும். மென்மையாக இருப்பதால் மிதமான உருண்டையில் நன்றாகப் படியும். ஆனால் விலை அதிகம். வெளிச்சமும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும். நவம்பர் மாதத்து சென்னைக் காற்றில் திறந்து போட்டால் ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். பட்டுப்புடவைக்கு அடுத்த தட்டு அதற்கு.

பெசன்ட் நகரில் ஒரு காபிக் கடைக்காரர் உருண்டை விளக்கு குளோப்புகளில் சிக்குக் கோலம் கேட்டு வந்தார். அவர் கொண்டுவந்த படத்தில் கண்ணாடி தெளிவாக இருக்கும், கோலக் கோடு வெள்ளையாக இருக்கும். கோலமோ சதுரமாகப் புள்ளி வைத்தது. உருண்டையில் சதுரப் புள்ளி வரிசை நிற்காது, மேலே போகப் போகப் புள்ளிகள் நெருங்கும். முதலில் அதை அவருக்குப் புரிய வைத்து, குளோப்பின் நடுவயிற்றைச் சுற்றி ஓடும் பட்டைக் கோலமாக மாற்றினோம். அப்புறம் நான் சொன்னேன், "தம்பி, இதைத் திருப்பிப் போட்டுடலாமா? குளோப் முழுக்க வெள்ளை, கோலக் கோடு மட்டும் தெளிவு."

எதற்காக அப்படிக் கேட்டேன் என்றால், கோடு வெள்ளையாக வேண்டுமானால் மாஸ்க் (துகள் படாமல் கண்ணாடியை மூடும் பொருள்) என்பது மொத்தக் குளோப்பையும் மூடும் பெரிய தோல். கோடு தெளிவாக வேண்டுமானால் மாஸ்க் என்பது வெறும் 3 மி.மீ. அகலமுள்ள பட்டை. மெல்லிய பட்டைக்கு எந்த உருண்டையும் ஒரு பொருட்டே இல்லை. மேலே சொன்ன எட்டில் ஒரு பங்குக் கணக்குதான். அகலம் குறையக் குறைய உபரி காணாமல் போய்விடும். கார் பெயின்டர்கள் கோடு பிரிக்கப் பயன்படுத்தும் ஃபைன்லைன் டேப் என்று ஒன்று உண்டு. பக்கவாட்டில்கூட வளைந்து கொடுக்கும் வினைல் டேப். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கார் சாமான் கடைகளில் கேட்டு வாங்கினேன். புள்ளிகளைக் கண்ணாடி பென்சிலால் வைத்து, டேப்பையே கோலமாவு மாதிரி கையில் ஓட்டி இழைத்துவிட்டோம். எழும்பாமல் நின்றது. விளக்கு எரியும்போது வெள்ளைக் குளோப் முழுக்க ஒளிரும், கோலக் கோடு வழியாக உள்ளே இருக்கும் பல்ப் தெரியும். அது கண்ணைக் கூசும் என்பதால் பால் வெள்ளை பல்ப் போடச் சொன்னேன்.

ஒரே ஒரு தொல்லை, சிக்குக் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே போகும். மேல் டேப் கீழ் டேப்பில் ஏறி இறங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அதில் துகள் புகுந்தால் சந்திப்பு தோறும் நான்கு மூலையிலும் வெள்ளை மீசை முளைக்கும். பல்குச்சி நுனியில் லேடெக்ஸ் தொட்டு ஒவ்வொரு பொந்தையும் அடைத்தோம். அதற்குத்தான் அரை நாள் போனது.

சாதாரண கருப்பு இன்சுலேஷன் டேப்பும் வளைவில் நன்றாகப் போகும். ஆனால் அதை இழுத்து ஒட்டுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. இழுத்து ஒட்டினால் இரண்டு முனையும் மெல்லப் பின்வாங்கும், கீழே பசைக் கோடு மட்டும் மிஞ்சும். இழுக்காமல், படுக்க வைத்துக்கொண்டே போக வேண்டும். டிசைன் இல்லாத மீதி இடத்தை மூட நியூஸ்பேப்பர் போதாது, துகள் அதைத் துளைத்துவிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பாட்டில் கழுத்திலும் அடியிலும் உறை மாதிரி மாட்டிவிடுவேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் ரப்பர் திரும்பிப் போகப் பார்ப்பது நமக்கு லாபம். இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

எதை ஒட்டினாலும், ஒட்டியவுடன் பிளாஸ்டிங் செய்யாதீர்கள். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் ஓரங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழும்ப வேண்டியது அதற்குள் எழும்பியிருக்கும். மே மாதத்தில் எங்கள் ஷெட்டில் மத்தியானம் ஒட்டிய எதுவும் நிலைப்பதில்லை. பசை இளகி, ஸ்டிக்கருக்குத் தன் ஆசைப்படி நகர இடம் கிடைத்துவிடுகிறது. அதனால் கோடையில் ஒட்டும் வேலையைக் காலை ஏழு மணிக்குள் வைத்துக்கொள்கிறோம். மழைக்காலத்தில் வேறு தொல்லை. லேடெக்ஸ் காயவே காயாது. கம்ப்ரஸர் டாங்கில் தண்ணீர் சேர்ந்து, துகள் ஈரமாகி நாசிலை அடைக்கும். தினமும் காலையில் டாங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுகிறான் தம்பி.

பழைய பாட்டில்களில் ஒட்டுபவர்கள் சிலர், நல்ல ஸ்டிக்கராக வாங்கியும் நிற்கவில்லை என்பார்கள். ஃபேக்டரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கீறாமல் இருக்க, ஆறிய பிறகு மெல்லிய பாலித்தீன் மெழுகுப் பூச்சு ஒன்றைத் தெளித்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுக்கப் போகாது. டிசைன் வரும் இடத்தை மட்டும் பாத்திரம் தேய்க்கும் பவுடரால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு ஒட்டுங்கள். கீறல் விழுகிறதா என்று அடிப்பக்கம் முதலில் தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் இரண்டு பக்கமும் அச்சு சேர்ந்த தையல் கோடு மேலிருந்து கீழாக ஓடும். தடவினால் தெரியும். டிசைனின் ஓரம் அந்தக் கோட்டின்மேல் வராமல் பார்த்துக்கொண்டால் நல்லது. அந்த மேட்டில் எந்த ஸ்டிக்கரும் பாலம் போட்டுக்கொள்ளும்.

அடிக்கும் பிரஷர் பற்றிச் சுருக்கமாக. நான் 30 பிஎஸ்ஐக்கு மேல் அபூர்வமாகத்தான் போகிறேன். மாஸ்க் கிழிகிறது என்று வருபவர்களில் பலர் மாஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை, ரெகுலேட்டரைத் திருகினால் போதும். நாசில் கண்ணாடிக்கு நேர்க்குத்தாக இருக்க வேண்டும். வளைவில் இது கஷ்டம், கை நேராகப் போகும், கண்ணாடி விலகிப் போகும். சாய்ந்து வரும் துகள் நேராக ஓரத்துக்கு அடியில் நுழையும். அதனால் நாசிலை அசைக்காமல் சாமானைச் சுழற்றுகிறோம். கேபினெட்டுக்குள் ஒரு சுழலும் தட்டு வைத்திருக்கிறேன்.

துகளுக்கு அலுமினியம் ஆக்ஸைடு, 150 அல்லது 180 கிரிட் (எண் கூடக் கூடத் துகள் பொடியாகும்). இன்னும் வேகமாகச் செதுக்க வேண்டுமானால் சிலிக்கான் கார்பைடு. நம் ஊரில் கார்பரண்டம் என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். 1954-ல் தொடங்கிய கார்பரண்டம் யுனிவர்சலின் ஃபேக்டரி திருவொற்றியூரில் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆற்று மணலைச் சலித்துப் பயன்படுத்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரும். வந்தால் மருந்து கிடையாது. வேறு துகள் என்றாலும் தூசிக்கான ரெஸ்பிரேட்டர் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், துணியைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

உரிக்கும்போது லேடெக்ஸை உலர்ந்த நிலையில் ஓரத்திலிருந்து உருட்டி எடுங்கள், ஒரே தோலாக வந்துவிடும். வினைலைத் தண்ணீருக்கடியில் உரித்தால் ஒட்டியிருக்கும் தூசி கண்ணாடியைக் கீறாது. மிஞ்சும் பிசுக்குக்கு நீலகிரித் தைலம், அதன் பிறகு சோப்பு. வெள்ளையான இடத்தில் தைலம் பட்டால் கறை மாதிரி தெரியும், பயப்படாதீர்கள், சோப்பில் போய்விடும்.

நான் எடுக்காத வேலைகளும் உண்டு. டஃபன்டு செய்த (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய) வளைவுக் கண்ணாடியில் ஆழமாகச் செதுக்கச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவேன். அதன் இரண்டு பக்கத் தோலும் ஒவ்வொன்றும் கனத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு அழுத்தத்தில் இருக்கும். அதைத் தாண்டிச் செதுக்கினால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். மேலோட்டமாக வெள்ளையாக்குவதற்குச் சரி. அதேபோல, வரிவரியாக மேடு பள்ளம் உள்ள கட் கிளாஸ் குடுவைகள். லேடெக்ஸ் பூசலாம், ஆனால் பள்ளத்தில் தேங்கித் தடித்து, மேட்டில் மெலிந்து, பிளேடு எங்கே எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கைக்குப் பிடிபடாது. போன வாரம்கூட ஒருவர் அப்படி ஒரு ஜோடி கொண்டுவந்து, பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர் பொறிக்க வேண்டும் என்றார். வழவழப்பான குடுவையாக வாங்கிவந்தால் அன்றைக்கே ஆரம்பிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.